குழந்தைக்கு மருந்து, முயலுக்கு நஞ்சு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால், அளவு மிஞ்சாமலேயே அமிர்தம் நஞ்சாகிவிடும் இடங்களும் உலகில் உண்டு. ஒரு குழந்தையைக் காய்ச்சலினின்று மீட்ட அதே மருந்து, அதே குப்பியிலிருந்து, அதே அன்போடு ஊட்டப்பட்டும், மற்றோர் உயிரை நான்கே நாளில் மாய்த்துவிடுகிறது. இதைக் கேட்போர் முதலில் நம்ப மறுப்பர். மருந்து கெட்டுப்போயிருக்கும் என்பர். கடைக்காரர் ஏமாற்றியிருப்பார் என்பர். உண்மை அதுவன்று. மருந்து நல்ல மருந்தே. கொடுத்த கையும் நல்ல கையே. அம்மருந்து சென்று சேர்ந்த வயிற்றினுள் யார் யார் குடியிருந்தனர் என்பதைக் கொடுத்தவர் அறிந்திருக்கவில்லை, அவ்வளவே.

முயல் வளர்க்கும் வீடுகள் நம்மிடையே பெருகி வருகின்றன. கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில், நடுவண் அரசின் செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்கி வருகிறது. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி முயல் இனங்கள் அங்கு வளர்க்கப்படுகின்றன. முயல் வளர்ப்பைப் பற்றி உழவர்களுக்கும் எடுத்துரைக்கப்படுகிறது. நம் காஞ்சிக்கு அண்மையில், செங்கல்பட்டுச் சாலையிலுள்ள காட்டுப்பாக்கத்தில், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்திலும் முயற்பண்ணை உண்டு. சிறிய இடம், சிறிய முதல், சினைக்காலம் ஒரு மாதமே. எனவே, தறி நெய்யும் குடும்பங்களும் பக்க வருவாய்க்கென இதில் இறங்குவதில் வியப்பில்லை. பட்டுக் கூலி வரும் வாரமும் உண்டு, வராத வாரமும் உண்டு என்பதை இவ்வூரார் நன்கறிவர்.

அப்படி இறங்கிய குடும்பங்களுள் ஒன்று பிள்ளையார்பாளையத்தில் உள்ளது. நம் பங்கைச் சேர்ந்தது. சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது, அவ்வீட்டுச் சிறுமி இரு ஞாயிறுகள் மறைக்கல்வி வகுப்பிற்கு வரவில்லை. பத்து வயதுப் பிள்ளை. ஒரு நாளும் தவறாதவள். என்னவோ ஏதோவென்று நாம் வீட்டிற்கே சென்றோம். பின்கட்டில் முயற்கூண்டு வெறுமையாக இருந்தது. ஆண் முயல் ஒன்று மட்டும், தனிக் கூண்டில், மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

நடந்தது இது. பெட்டை முயல்களுள் ஒன்றுக்கு மூக்கொழுகித் தும்மல் கண்டது. அதற்கு இரு கிழமைகளுக்கு முன்னர்தான் சிறுமியின் தம்பிக்கும் சளியும் காய்ச்சலும் வந்து, மருத்துவர் அமாக்ஸிசிலின் என்னும் இனிப்பு மருந்தைக் கொடுத்துக் குணப்படுத்தியிருந்தார். குப்பியில் பாதி மீதம் இருந்தது. தம்பிக்கு ஆன நோய்தானே முயலுக்கும் என்று எண்ணிய அப்பிள்ளை, சொட்டுக் குழலால் அளந்து அளந்து இரண்டு நாள் ஊட்டினாள். நோயற்ற மற்றொரு பெட்டைக்கும், ஒரு மாதக் குட்டிகள் மூன்றுக்கும், தொற்றாமல் இருக்கட்டும் என்று கொடுத்தாள். மூன்றாம் நாள் முயல்கள் தீனியைத் தொடவில்லை. வயிறு உப்பியது, பின்புறம் நனைந்து, நீராகவும் சளியாகவும் பேதி கண்டது. ஐந்தாம் நாள் மாலைக்குள் ஐந்தும் மாண்டன. ஆண் முயல் தனியே இருந்ததால் அதற்கு மருந்து கிட்டவில்லை, அது பிழைத்தது.

தந்தையார் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். "மனுசப் பிள்ளைக்குக் குடுக்கிற மருந்துதானே சாமி? அதுல எப்படி விஷம் இருக்கும்?" என்று கேட்டார். கடன் வாங்கி வாங்கிய முயல்கள் அவை. மகளை அவர் கடிந்துகொண்டாரோ என்னவோ, நாம் கேட்கவில்லை. சிறுமி கதவருகில் நின்றவாறே, "நான்தான் கொன்னுட்டேனா சாமி?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லும் அறிவு அன்று நம்மிடம் இல்லை. ஆறுதல் மொழியால் மட்டும் அடங்கும் கேள்விகளாக அவை நமக்குத் தோன்றவுமில்லை. எனவே, நமக்கு அறிமுகமான கால்நடை மருத்துவர் ஒருவரை அணுகினோம். அவர் பொறுமையாக விளக்கியதையும், பின்னர் நாம் படித்தறிந்ததையும், வாசகர்களுக்குப் பயன்படுமென்று இங்குத் தொகுத்துரைக்கிறோம்.

முயலின் வயிறு நம் வயிறு போன்றதன்று. புல்லையும் தழையையும் உண்டு வாழும் உயிர்களுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. புல்லிலுள்ள நாரைச் செரிக்கும் ஆற்றல் அவற்றின் சொந்தக் குடலுக்கு இல்லை. அப்பணியைக் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே செய்து தருகின்றன. மாடும் ஆடும் அந்நுண்ணுயிர்களை இரைப்பையின் முன்னறையில் குடிவைத்துள்ளன. முயலோ அவற்றைக் குடலின் பின்பகுதியில், பெருங்குடல் தொடங்கும் இடத்திலுள்ள ஒரு பெரிய பையில் வைத்துள்ளது. மருத்துவ நூலார் அதனைச் 'சீக்கம்' என்பர். மனிதருக்கு அது சிறிய பை. முயலுக்கோ செரிமானக் குழாய் முழுவதன் கொள்ளளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு அதுவே. அங்கே எண்ணிலடங்கா நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைத்து, முயல் உடலுக்கு ஆற்றல் தரும் அமிலங்களை உண்டாக்குகின்றன.

இதிலும் ஒரு வியப்பு உண்டு. முயல் இருவகைப் புழுக்கைகளை இடுகிறது. பகலில் நாம் காண்பது உருண்டையான, உலர்ந்த புழுக்கை. அது வெறும் சக்கை. இரவிலும் விடியற்காலையிலும் சீக்கத்திலிருந்து வருவது வேறு. மென்மையாய், பளபளப்பாய், திராட்சைக் கொத்துப் போல வரும். அதனை முயல் தரையில் விழவிடுவதே இல்லை. குனிந்து வாயாலேயே எடுத்து விழுங்கிவிடும். நுண்ணுயிர்கள் ஆக்கிவைத்த புரதமும், பி வகை வைட்டமின்களும், கே வைட்டமினும் இவ்வாறு அதன் உடலில் சேர்கின்றன. லேவியர் நூலின் 11-ஆம் அதிகாரம் முயலை அசைபோடும் விலங்குகளோடு சேர்த்துப் பேசுவதைப் படித்துவிட்டு, மாட்டைப் போல் முயலுக்குப் பல அறை இரைப்பை இல்லையே என்று குறை கூறுவோர் உண்டு. மாடு உண்டதை மீண்டும் மெல்கிறது. முயல் உண்டதை மீண்டும் உண்கிறது. வழி வேறாயினும், ஒரே உணவை இருமுறை உடலுக்குள் செலுத்தும் ஏற்பாடு இரண்டிற்கும் பொதுவே.

இத்தகைய வயிற்றுக்குள் அமாக்ஸிசிலின் வாய்வழியே சென்றால் என்னாகும்? அம்மருந்துக்கு நல்லவர், தீயவர் என்னும் வேறுபாடு தெரியாது. தன்னால் கொல்லக்கூடிய நுண்ணுயிர் அனைத்தையும் அது தாக்கும். சீக்கத்திலுள்ள நன்மை பயக்கும் கூட்டம் சரிகிறது. அம்மருந்துக்கு அஞ்சாத சில கிருமிகள் மட்டும் எஞ்சுகின்றன. அதுகாறும் நெரிசலில் தலைதூக்க இயலாது ஒடுங்கிக் கிடந்த அவை, வெறுமையான இடத்தில் பெருகுகின்றன. அவற்றுள் கொடியது 'கிளாஸ்ட்ரிடியம் ஸ்பைரோஃபார்மே' என்னும் சுருள் வடிவக் கிருமி. முயல்களில் இதன் கேட்டை ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்தில் தெளிவாக அறிந்தனர். அது சுரக்கும் நச்சு குடற்சுவரைச் சிதைக்கிறது. பேதியால் நீர் வற்றி, உடல் குளிர்ந்து, ஓரிரு நாளில் முயல் மடிகிறது. முயலால் வாந்தியெடுக்கவும் இயலாது. உட்சென்றதை வெளியேற்ற அதற்கு அவ்வழியும் இல்லை.

ஆகவே, பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின், செஃபலெக்சின், எரித்ரோமைசின், லின்கோமைசின், கிளின்டமைசின் ஆகியவற்றை முயலுக்கு வாய்வழியே கொடுத்தலாகாது என்பது மருத்துவர்கள் விதி. இவற்றுள் பின்னிரண்டை ஊசியாகப் போட்டாலும் கேடு நேரலாம். பெனிசிலினை மட்டும் தேவை கருதி ஊசிவழியே, மிக்க கவனத்தோடு பயன்படுத்துவதுண்டு. முயலின் குடல் ஓரளவு தாங்கிக்கொள்ளும் மருந்துகளும் இல்லாமலில்லை. என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோபிரிமோடு சேர்ந்த சல்ஃபா மருந்து ஆகியன அத்தகையவை. ஆயின் எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவரே சொல்லவேண்டும், நாம் அல்லோம்.

குட்டிகளின் நிலை இன்னும் மென்மையானது. தாய்ப்பால் குடிக்கும் நாளில் அப்பாலிலிருந்து உண்டாகும் கொழுப்பமிலங்கள் குட்டியின் வயிற்றில் கிருமிகள் தங்கவிடாமல் காக்கின்றன. பால் மறக்கும் பருவத்தில் அக்காவல் நீங்குகிறது. தாயின் புழுக்கையைத் தின்றே குட்டி தனக்குரிய நுண்ணுயிர்களைப் பெறுகிறது. பழைய காவல் போய், புதிய குடிகள் இன்னும் நிலைபெறாத அந்த நான்கைந்து கிழமைகளில்தான் பேதியால் குட்டிகள் மிகுதியாக இறக்கின்றன. மருந்தே வேண்டுவதில்லை; சோறும், பிஸ்கோத்தும், மாவுத் தீனியும் மிகுதியாகக் கொடுத்தாலே போதும். செரியாத மாவுப்பொருள் சீக்கத்தை அடைந்து, அதே கொடிய கிருமிக்கு விருந்தாகிவிடும்.

இவற்றைக் கேட்டறிந்த பின்னர், மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றோம். நெசவாளரிடம் சீக்கம், கிளாஸ்ட்ரிடியம் என்று பேசுவதில் பயனில்லை; எனவே தறியைக் காட்டியே பேசினோம். "பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடுகின்றன. அவற்றில் ஓர் இழை பழுதானால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அந்த ஒன்றைத் தேடி எடுத்துப் பிணைப்பீர்கள். பாவு முழுவதிலும் கத்தரிக்கோலை வைக்கமாட்டீர்கள் அல்லவா? முயலின் வயிற்றில் இம்மருந்து கத்தரிக்கோலாகிவிட்டது. மருந்தில் விஷம் இல்லை, வெட்டக்கூடாத இடத்தில் வெட்டிவிட்டது" என்றோம். அவர் சற்று நேரம் பாவையே பார்த்திருந்துவிட்டு, "அறுந்த பாவைத் திரும்பப் பிணைக்கலாம் சாமி. ஆனா அதுவரைக்கும் தறி சும்மாதானே கிடக்கணும்?" என்றார். நாம் நீட்டி முழக்கியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். இழந்த நுண்ணுயிர்க்கூட்டம் மீண்டும் வளரக்கூடியதே. ஆனால் அதுவரை வயிறு என்னும் தறி ஓடவேண்டுமே! முயலுக்கு அந்த அவகாசம் கிட்டுவதில்லை.

சிறுமியிடம் பொய் சொல்ல நாம் விரும்பவில்லை. மருந்தினால்தான் முயல்கள் இறந்தன என்பதை மறைக்கவில்லை. அறிந்து செய்த தீங்குக்கும் அறியாது நேர்ந்த இழப்புக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அவளுக்கு எடுத்துரைத்தோம். உலகிற் சிறந்த அறிஞர்களுக்கே இந்த உண்மை எளிதில் புலப்படவில்லை என்பதையும் சொன்னோம். அவளுக்குச் சொன்ன அக்கதையை இங்கும் சொல்லுதல் தகும்.

பெனிசிலினை 1928-இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், அடுத்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், அப்பூஞ்சைச் சாற்றை முயல் ஒன்றின் இரத்தக்குழாயில் செலுத்தியும் தீங்கு நேரவில்லை என்று எழுதினார். அது ஊசிவழி சென்றது. ஒரே முறை சென்றது. பின்னர் 1940 மே 25 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரியின் குழுவினர் எட்டுச் சுண்டெலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தி, நான்கிற்கு மட்டும் பெனிசிலின் அளித்தனர். மருந்து பெற்ற நான்கும் மறுநாள் உயிரோடிருந்தன. பெறாத நான்கும் மாண்டன. மருத்துவ வரலாறே திசை திரும்பிற்று. மூன்றாண்டு கழித்து, 1943-இல், அமெரிக்காவில் சிலர் பெனிசிலினைக் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவை இறந்தன. கினிப்பன்றியும் முயலைப் போல் பின்குடலில் நுண்ணுயிர்களைக் குடிவைத்துள்ள உயிரே. ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் சுண்டெலிக்குப் பதில் கினிப்பன்றியைத் தேர்ந்திருந்தால், பெனிசிலின் நஞ்சென்று ஒதுக்கப்பட்டிருக்கவும் கூடும்; கோடிக்கணக்கான மனித உயிர்கள் காக்கப்படாமலே போயிருக்கும். இதைக் கேட்டதும் அப்பிள்ளை, "அப்ப பெரியவங்களுக்கும் தெரியலையா?" என்றாள். அடுத்த ஞாயிறு வகுப்பிற்கு வந்தாள்.

வாசகர்களே, இது முயலோடு முடியும் செய்தியாயின் இவ்வளவு நீட்டி எழுதியிரோம். நம் வயிற்றிலும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நாம் முயலைப்போல் முற்றிலும் அவற்றையே நம்பி வாழ்வதில்லை. ஆதலால் நாம் அமாக்ஸிசிலினைத் தாங்கிக்கொள்கிறோம். ஆயினும் மருந்து உண்ட குழந்தைக்குச் சில நாள் வயிற்றுப்போக்கு காண்பதைத் தாய்மார் அறிவர். அதுவும் இதே கதையின் சிறிய அத்தியாயமே. பெரிய அத்தியாயமும் உண்டு. 'கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசிலே' என்னும் கிருமியை 1935-இல் முதன்முதல் கண்டெடுத்தது நலமாயிருந்த பச்சிளங்குழந்தைகளின் மலத்தில். அன்று அதனைப் பொருட்படுத்துவார் இல்லை. 1970-களில் கிளின்டமைசின் உண்ட நோயாளர் சிலருக்குக் கொடிய குடலழற்சி கண்டது. அமெரிக்க மருத்துவர் ஜான் பார்ட்லெட்டும் அவர்தம் குழுவினரும் ஹாம்ஸ்டர் என்னும் சிறு விலங்குகளைக் கொண்டு ஆராய்ந்து, மருந்தினால் வெறுமையான குடலில் கிளாஸ்ட்ரிடியம் இனக் கிருமி பெருகிச் சுரக்கும் நச்சே காரணம் என்று 1977-இலும் 1978-இலும் நிறுவினர். இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில், முதியோரை வருத்தும் நோய்களுள் அதுவும் ஒன்று. மீண்டும் மீண்டும் வரும் அந்நோய்க்கு, நலமுள்ள ஒருவரின் குடல் நுண்ணுயிர்களை நோயாளியின் குடலில் குடியேற்றும் முறை மருந்தினும் சிறந்த பயன் தந்ததை நெதர்லாந்து மருத்துவர்கள் 2013-இல் காட்டினர். தாய் முயல் தன் குட்டிக்குச் செய்வதும் ஏறத்தாழ அதுவே அன்றோ!

வீணாக உண்ணும் ஒவ்வொரு வேளை மருந்தும் இன்னொரு கேட்டையும் விளைக்கிறது. மருந்துக்கு அஞ்சாத கிருமிகளை நாமே தேர்ந்தெடுத்து வளர்க்கிறோம். 2012-இல் நம் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கத்தினர் இதனைக் குறித்து எச்சரிக்கை விடுத்தனர். அது சென்னைப் பிரகடனம் என்று வழங்குகிறது. 2014 மார்ச் முதல் சில முதன்மையான மருந்துகளை விற்போர், மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது சட்டம். 2016-இல் மருந்து அட்டையின் சிவப்புக் கோட்டை மக்களுக்கு உணர்த்தும் இயக்கம் தொடங்கிற்று. அக்கோடு இருந்தால் மருத்துவர் சீட்டின்றி வாங்கலாகாது என்பது பொருள். 2019 ஜூலையில், கோழிகளுக்கும் பிற கால்நடைகளுக்கும் தீனியோடு கலந்து கொடுக்கப்பட்டு வந்த கொலிஸ்டின் என்னும் மருந்தை இந்திய அரசு தடை செய்தது. மனிதனைக் காக்கும் கடைசி மருந்துகளுள் அது ஒன்று என்பதே காரணம்.

எனவே, நம் குடும்பங்கள் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். மருத்துவர் குறித்த நாட்கள் முடிந்தபின் எஞ்சும் மருந்தை அலமாரியில் சேர்த்து வைக்காதீர்கள். தண்ணீர் கலந்த தூள் மருந்து சில நாட்களில் வீரியம் குன்றிவிடும். அதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பது பயனற்றது, கேடும் ஆகலாம். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் வைரஸ்களே காரணம். அவற்றை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடுவதில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதுபோல், தமக்குத் தெரிந்த மருந்தே எல்லா நோய்க்கும் மருந்து என்று சாதிப்போரின் யோசனையை நன்றி கூறி விலக்குங்கள்.

முயல் வளர்ப்போர் உலர்ந்த புல்லை எப்போதும் கூண்டில் வையுங்கள். அருகம்புல்லும் வேலிமசாலும் நல்லவை. சோற்றையும் தின்பண்டங்களையும் தவிருங்கள். தீனியை மாற்றுவதானால் சிறிது சிறிதாக மாற்றுங்கள். முயல் ஒரு பகல் தீனி உண்ணாதிருந்தாலோ, புழுக்கை சிறுத்தாலோ, நின்றாலோ, பேதி கண்டாலோ, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றிராமல் அன்றே கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். தயிர் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வர். தயிரிலுள்ள நுண்ணுயிரும் முயற்குடலில் வாழும் நுண்ணுயிரும் வேறு வேறு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. மருத்துவர் நீரேற்றி, உடலை வெதுவெதுப்பாக வைத்து, நச்சை ஈர்த்துக்கொள்ளும் மருந்து கொடுத்து, நலமுள்ள முயலின் மென்புழுக்கையை ஊட்டிக்கூடக் காப்பாற்ற முயல்வார். தம்மிடம் வரும் முன் எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்று அவர் கேட்பார். வெட்கத்தாலோ அச்சத்தாலோ அதை மறைக்காதீர்கள். பிள்ளைகளையும் அவ்வாறு மறைக்கும் நிலைக்குத் தள்ளாதீர்கள்.

அன்பு போதும் என்று நாம் பலமுறை பேசியும் எழுதியும் வருகிறோம். நோயுற்ற உயிரின் அருகில் அமரவைப்பது அன்புதான், அதில் ஐயமில்லை. ஆனால் அமர்ந்த பின் என்ன செய்வது, என்ன செய்யாதிருப்பது என்பதை அன்பு தானாக அறிந்துகொள்வதில்லை. அறிந்தவரைக் கேட்டே அது கற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகும் நேரத்தையும் நடையையும் நம் பிள்ளைகளுக்காகவும், நம்மை நம்பிக் கூண்டில் வாழும் உயிர்களுக்காகவும் செலவிடத் தயங்காதிருப்போமாக.